நெல்லைக்குப் புதுசா? ஆற்றைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்

பணிமாற்றலில் வருகிறவர்கள், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து வருகிற பிள்ளைகள், இந்த ஊரில் வாக்கப்பட்டு வருகிற பெண்கள் என்று திருநெல்வேலிக்குப் புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். நல்ல அல்வா எங்கே கிடைக்கும்? குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா? இரண்டுக்கும் பதில் கீழே வரும். ஆனால் அந்த இரண்டும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் போதும். குடியிருக்க வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது ஆற்றோடு.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற தாமிரபரணியின் மொத்த நீளம் 130 கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், கார், பிசானம் என்று இரண்டு போக நெல், கரை நெடுகக் கோவில்கள். எந்தத் தெருவில் வீடு பிடிப்பது, எந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பது, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் வண்டி ஏறுவது என்று எல்லாமே கடைசியில் ஆற்றில்தான் போய் முட்டும். அதனால் இந்த வழிகாட்டியும் அதன் போக்கிலேயே போகிறது.

1. முதலில் திசையைப் பிடியுங்கள்

"திருநெல்வேலிக்குப் போகணும்" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால், "டவுனா, ஜங்ஷனா, பாளையா?" என்றுதான் பதில் வரும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஊர். உள்ளே இருக்கிறவர்களுக்கு மூன்று.

ஆற்றுக்கு மேற்கே ஜங்ஷன். ரயில் நிலையம் அங்கேதான். ஜங்ஷனைத் தாண்டி, ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் டவுன்: நெல்லையப்பர் கோவில், நான்கு ரத வீதிகள், துணிக்கடை, பாத்திரக்கடை, அல்வாக் கடை. ஆற்றுக்குக் கிழக்கே பாளையங்கோட்டை, சுருக்கமாகப் பாளை. கல்லூரிகள், பெரிய பள்ளிகள், ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை, மத்திய சிறை எல்லாம் இந்தக் கரையில். கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளத்தில், ஆற்றை ஒட்டியே இருக்கிறது.

இரண்டு கரையையும் சேர்க்கிறது சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் கட்டி முடித்த பாலம் இது. இன்றைக்கும் பஸ்ஸும் லாரியும் அதன் மேல்தான் ஓடுகின்றன. அதைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று ஒரு பார்வை பார்ப்பது இந்த ஊர்க்காரர்களின் அனிச்சைப் பழக்கம். உங்களுக்கும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ரயிலில் வந்தால் குழப்பமே இல்லை, ஜங்ஷனில் இறங்குவீர்கள். வெளியூர் அரசு பஸ் என்றால் பெரும்பாலும் பெருமாள்புரம் பக்கம் வேய்ந்தான்குளத்தில் உள்ள புது பஸ் ஸ்டாண்ட். ஆம்னி பஸ்காரர்கள் விடிகாலையில் கே.டி.சி. நகரிலோ வண்ணார்பேட்டையிலோ இறக்கிவிடுவார்கள். பாளைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி, தூக்கக் கலக்கத்தில் கடைசி நிறுத்தம் வரை போய்விடாதீர்கள். விமானத்தில் வருகிறவர்கள் தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். பெயரில்தான் தூத்துக்குடி; அங்கிருந்து பாளைக்கு நேர் ரோடு.

ஊருக்குள் போய்வர டவுன் பஸ் போதும். சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆட்டோவில் மீட்டரைத் தேடாதீர்கள். ஏறும் முன்பே பேசிவிடுங்கள். முகவரி சொல்லும்போது கதவு எண்ணைவிட முக்குதான் உதவும். டவுனில் வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் உண்டு. "வாகையடி முக்குல இறங்கி மேக்க பார்த்து வாங்க" என்பது இங்கே முழுமையான முகவரி.

2. வீடு பார்க்கப் போகிறீர்களா? வெள்ளத்தைக் கேளுங்கள்

புரோக்கர் எல்லாவற்றையும் சொல்வார், இதைச் சொல்ல மாட்டார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு கரை மீறியது. கீழே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லையில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டையின் தாழ்ந்த தெருக்கள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. அதற்கு முன்னால் பெரியவர்கள் சொல்கிற வெள்ளம் 1992 நவம்பரில் வந்தது. இரண்டுக்கும் இடையில் 31 வருடம் என்பதால், இனி நம் காலத்தில் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே வீட்டைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "2023 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். யாரும் மழுப்ப மாட்டார்கள். சுவரில் இருக்கிற கோட்டையே காட்டுவார்கள். "வாசப்படி வரை" என்றால் யோசிக்கலாம். "இடுப்பளவு" என்றால் மாடி வீடாகப் பாருங்கள்.

அடுத்த கேள்வி குடிதண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். அதன் ருசிக்குப் பழகிவிட்டால் வேறு ஊரில் குடிக்கப் பிடிக்காது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஆற்றுத் தண்ணீர் வருகிறது, சம்ப் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எந்தப் பகுதி? பிள்ளைகள் படிப்பதற்காக வருகிறவர்கள் பாளை, மகாராஜ நகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி பக்கம் பார்க்கலாம். நூறு ஆண்டு தாண்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். தூய யோவான் கல்லூரி 1878-ல் தொடங்கியது, தூய சவேரியார் கல்லூரி 1923-ல். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான பழைய பள்ளிகளும் பாளையில்தான் இருக்கின்றன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் அது அபிஷேகப்பட்டியில், தென்காசி ரோட்டில். அவர்களுக்கு டவுன், பேட்டை பக்கம் வசதி.

என்னைக் கேட்டால், சின்னக் குடும்பமாக இருந்து, வண்டி நிறுத்த இடம் பெரிதாக வேண்டாம் என்றால் டவுனில் ஒரு வளவு வீட்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே வாசலுக்குள் வரிசையாக நாலைந்து வீடுகள், நடுவில் பொது முற்றம். வீடு ரயில் பெட்டி போல நீளமாகப் போகும்: தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு, அடுப்படி, புறவாசல். வெளிச்சம் குறைவுதான், ஒளித்துவைக்க எதுவும் இல்லாத வாழ்க்கைதான். ஆனால் காய்ச்சல் என்று படுத்தால் அரை மணி நேரத்தில் மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வரும். அந்தத் தலையீடு பிடிக்காது என்றால் பெருமாள்புரம் அபார்ட்மெண்ட்டே நல்லது.

3. மனிதர்களோடு பேச

கடைக்காரர், கண்டக்டர், வீட்டுக்காரர் என்று வயதில் மூத்த ஆண்கள் எல்லோரும் அண்ணாச்சிதான். வயதான பெண்களை ஆச்சி என்று கூப்பிடலாம், நடுத்தர வயதுக்காரர்களை அக்கா. "சாப்டியளா?", "எங்க போயிட்டு வாரிய?" என்று எதிர்ப்படுகிறவர் கேட்டால் வேவு பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக இங்கே கேட்கிற கேள்வி அது. "ஆமா அண்ணாச்சி, இன்னா வாரேன்" என்று சொன்னால் போதும், விவரம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

'ஏலே' விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். சினிமாவைப் பார்த்துவிட்டு வந்த உடனே எல்லோரையும் "ஏலே" என்று கூப்பிடுகிற புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கூடப் படித்தவனிடமும் வயதில் சின்னவனிடமும் சொல்கிற சொல். முதலில் அவர்கள் உங்களைச் சொல்லட்டும். ஆபீசில் ஒருவர் "என்னவே, டீ குடிக்க வாரீரா?" என்று கேட்டுவிட்டால் நீங்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டீர்கள் என்று அர்த்தம்.

4. அல்வாவும் மற்றதும்

சரி, அல்வா. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருட்டுக்கடை இருக்கிறது. சாயங்காலம்தான் திறப்பார்கள், வரிசை நீளமாக இருக்கும், இருக்கிற சரக்கு தீர்ந்ததும் முடிந்தது. ஊருக்கு வருகிற விருந்தாளிகளைக் கூட்டிப்போய் ஒரு தடவை வரிசையில் நிறுத்துங்கள், அவர்களுக்கு அது ஒரு கணக்கு. ஆனால் இங்கே இருக்கிறவர்கள் தினமும் வரிசையில் நிற்பதில்லை. டவுனிலும் ஜங்ஷனிலும் பாளையிலும் நல்ல லாலா கடைகள் இருக்கின்றன. பாக்கெட்டில் போட்டு அடுக்கியதை வாங்காமல், "சூடா 50 கிராம்" என்று கேளுங்கள். துண்டு இலையிலோ தாளிலோ வழித்துப் போட்டுத் தருவார்கள். கடை வாசலிலேயே நின்று விரலால் எடுத்துச் சாப்பிட வேண்டும். ஸ்பூன் கேட்டால் தருவார்கள், ஆனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முடித்ததும் கொஞ்சம் மிக்சரோ காராசேவோ கையில் வாங்கிக்கொள்ளுங்கள், திகட்டல் போய்விடும்.

நல்ல அல்வாவுக்கு அடையாளம்: நெய் மேலே மிதந்து வழியும், இலையை விட்டு வழுக்கிக்கொண்டு வரும், பல்லில் ஒட்டாது. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, அதைப் புளிக்கவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டுவார்கள். ருசிக்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர்தான் என்று சத்தியம் செய்வார்கள். புளிக்கவைக்கிற பக்குவமும் கிண்டுகிற கையும்தான் காரணம் என்பது என் கட்சி. இதைக் கடையில் நின்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

அல்வாவைவிட நான் சிபாரிசு செய்வது சொதி. கடையில் கிடைப்பது அரிது, கல்யாண வீட்டில் சாப்பிட வேண்டும். சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து அது. தேங்காயில் மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வைத்துக்கொள்வார்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி வேகும். பச்சைமிளகாயும் இஞ்சியும் அரைத்துவிட்டு, குழைய வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றுவார்கள். கெட்டியான முதல் பால் கடைசியில், அதுவும் கொதிக்க விடாமல். இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரிந்துபோகும். சோற்றில் ஊற்றி, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். தேங்காய்ப் பால் மந்தம் என்பதால்தான் அந்த இஞ்சி. அலுவலகத்தில் யார் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும், "மறுநாள் சொதி உண்டா?" என்று உரிமையோடு கேளுங்கள், தப்பில்லை.

கருப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், காய்கறியும் பருப்பும் அரிசியும் ஒன்றாக வெந்த கூட்டாஞ்சோறும் வீட்டுச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகினால் கிடைக்கும். தை பிறந்தால் பனங்கிழங்கு, கோடையில் நுங்கும் பதநீரும் ரோட்டோரமே வரும். காய்கறிக்கு மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மொத்தமாக வேண்டுமென்றால் டவுன் நயினார்குளம் மார்க்கெட்.

5. வெயிலையும் மழையையும் கணக்குப் பண்ண

இங்கே புதியவர்கள் குழம்புகிற விஷயம் இது. ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் என்று டிவியில் காட்டுவார்கள். நீங்கள் பாளையில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழை மலையோடு நின்றுவிடும், சமவெளிக்கு வருவது காற்று மட்டும்தான். மேகம் தலைக்கு மேலே போகும், பெய்யாது. ஆனால் மலையில் பெய்தது பாபநாசம் அணைக்கு வந்து, அங்கிருந்து ஆற்றில் இறங்கி, கார் சாகுபடிக்கு வாய்க்காலில் ஓடும். ஊருக்குள் நேராகப் பெய்கிற மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். பிசானம் அந்த மழையை நம்பி.

அதனால்தான் பேப்பர் வந்ததும் அணை நீர்மட்டத்தை முதலில் பார்க்கிறவர்கள் இங்கே அதிகம். பாபநாசம் அணையின் மொத்த உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. வயலே இல்லாதவர்கள்கூட டீக்கடையில் "பாவநாசம் நூத்திப் பத்தைத் தாண்டிட்டு" என்று பேசிக்கொள்வார்கள். நவம்பர், டிசம்பரில் இரண்டு அணையும் நிரம்பி, கனமழை எச்சரிக்கையும் வந்தால் ஆற்றோரத் தெருவில் இருக்கிறவர்கள் வண்டியை மேட்டுக்கு மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. ஆற்றுக்குள்ளேயே கட்டிய குறுக்குத்துறை முருகன் கோவில். வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பிறகு கோவில் தண்ணீருக்குள் போகும். மண்டபம் மூழ்கியதா, கோபுரம் வரை போனதா என்பதுதான் அந்த வருட வெள்ளத்துக்கு ஊர் வைத்திருக்கிற அளவு. வடிந்ததும் சேற்றை அள்ளி, கழுவிவிட்டு, மறுபடியும் பூஜை. தண்ணீர் குறைவாக ஓடும் ஒரு சாயங்காலம் அங்கே போய்ப் படித்துறையில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆற்றில் குளிக்கலாமா என்றால், ஊருக்குள் வேண்டாம். சாக்கடை பல இடங்களில் ஆற்றில் கலக்கிறது. இந்த ஊரை எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுக்கு இது எனக்கு வெட்கம். நீச்சல் தெரிந்தாலும் புதிய துறையில் இறங்கும் முன் அங்கே துவைக்கிறவர்களைக் கேளுங்கள், மணல் எடுத்த குழியும் பாறையிடுக்கும் மேலே இருந்து தெரியாது.

6. ஆற்றுக்கு மேலே: செங்கோட்டை ரயில்

ஊரைச் சுற்றிப் பார்க்கக் கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஜங்ஷனிலிருந்து இரண்டு பாசஞ்சர் பாதைகள் பிரிகின்றன. ஒன்று ஆற்றுக்கு எதிராக மேற்கே செங்கோட்டைக்கு, இன்னொன்று ஆற்றோடு கிழக்கே திருச்செந்தூருக்கு. இந்த இரண்டு ரயிலிலும் போய்வந்தால் இந்தப் பிரதேசத்தில் பாதியைப் பார்த்த கணக்கு. நாளுக்கு ஓடுகிறவை சிலவே, நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை அந்தப் பக்கம் வரத் தொடங்கும், தென்காசி வரை கூடவே வரும். சேரன்மகாதேவியில் இறங்கினால் பத்தமடை பக்கம். ஆற்றோரக் கோரையை ஊறவைத்து, நாராகக் கீறி, நெய்கிற பாய் அந்த ஊர்ப் பெண்களின் கைவேலை. சாதாரணப் பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாமல், "நைஸ் பாய் காட்டுங்க" என்று கேளுங்கள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு மெல்லிசு. விலையைக் கேட்டால் திகைப்பீர்கள். ஒரு பாய்க்கு எத்தனை நாள் தறியில் உட்கார வேண்டும் என்று அடுத்ததாகக் கேட்டால் பேரம் பேச மனசு வராது.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். அதற்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ரயில் ஆற்றைக் கடக்கும். பாறையும் பச்சையுமாக, ஊருக்குள் நீங்கள் பார்த்த ஆறுதானா இது என்று தோன்றும். அம்பையில் இறங்கி பஸ்ஸில் பாபநாசம் போங்கள். கோவில் படித்துறையில் குளிக்கலாம். அங்கே பரிகாரம் என்று சொல்லிக் கட்டியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. டன் கணக்கில் துணியை வெளியே இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், யார் சொன்னாலும்.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மதுபாட்டில் எதுவும் உள்ளே போகாது. அகஸ்தியர் அருவி வரை போய்வருவது எளிது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசையன்று போனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். மற்ற நாளில் போங்கள், மாலைக்கு முன் மலையிறங்கிவிடுங்கள். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி முதலில் வேண்டும்.

ரயில் மேலே கீழக்கடையம் வழியாகப் போகும். கடையம் பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியிலிருந்து திரும்பிய பிறகு பாரதி அங்கே இருந்தார். அவர் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளி நம் டவுன் பக்கத்தில்தான்.

பிறகு தென்காசி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குற்றாலம். ஒரு காலத்தில் இது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி தனி மாவட்டம். முதலில் சொன்ன குற்றாலக் கேள்விக்குப் பதில்: தண்ணீர் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை விழும், ஐப்பசி மழையில் மறுபடியும் வரும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வார நாளில், விடியும் முன், ஐந்தருவி. மெயின் அருவியில் கூட்டம் அதிகம். பழைய குற்றாலம் கொஞ்சம் தள்ளி இருப்பதால் மூச்சுவிடலாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது. சைரன் ஊதினாலோ போலீஸ் விசில் அடித்தாலோ "இன்னும் ஒரு நிமிஷம்" என்று நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மலை உச்சியில் பெய்கிற மழை கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது, தண்ணீர் ஒரே மூச்சில் வந்துவிடும். குளித்து முடித்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்குங்கள். பசித்தால் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டர்: சின்னச் சின்ன பரோட்டா, பிய்த்துப் போட்ட நாட்டுக்கோழி. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. எல்லை போய்விட்டது, பரோட்டாக் கடைகளின் பெயரில் மட்டும் பார்டர் இருக்கிறது.

7. ஆற்றுக்குக் கீழே: திருச்செந்தூர் ரயில்

இந்தப் பாதைக்கு மலை இல்லை. வாழையும் நெல்லும் பனையும்தான். செய்துங்கநல்லூரில் இறங்கினால், பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர் பக்கம். 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன்பட்டங்களும் வந்தன. இப்போது தோண்டிய குழியிலேயே தாழிகளைக் கண்ணாடிக்கு அடியில் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், காலையில். அந்தப் பரம்பில் நிழல் கிடையாது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று ஆற்றின் இரண்டு கரையிலும் நவதிருப்பதிகள், அதாவது ஒன்பது பெருமாள் கோவில்கள். ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துத் தரும் சுற்றுலா பஸ்கள் உண்டு. ஓட்டமாகத்தான் இருக்கும். ஆழ்வார்திருநகரி ஒன்றை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள். நம்மாழ்வார் பிறந்த ஊர், அவர் இருந்த புளியமரம் கோவிலுக்குள் இருக்கிறது. கோவில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், அதை வைத்துக் கிளம்புங்கள்.

ரோடு வழியாகத் திருச்செந்தூர் போனால் கிருஷ்ணாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். வெங்கடாசலபதி கோவில் மண்டபத்து நாயக்கர் காலச் சிற்பங்களில் குறவனின் விலா எலும்பும் கால் நரம்பும் எண்ணிவிடலாம் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பலர் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்கிறார்கள். நீங்கள் தட்டாதீர்கள்.

ஆற்றை விட்டுத் தள்ளிப் போக ஒரே ஒரு இடம் சொல்கிறேன்: மூலைக்கரைப்பட்டி பக்கம் கூந்தன்குளம். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவை மிரளும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பொங்கல் முடிந்து போங்கள்.

8. திருவிழா நாளில் வண்டியை எடுக்காதீர்கள்

ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். பெரிய தேர், ஊரே வடம் பிடிக்கும். அன்றைக்கு ரத வீதிப் பக்கம் வண்டி போகாது. பாளையில் தசரா முடிவில் அம்மன் கோவில் சப்பரங்கள் இரவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அன்றைக்கும் அப்படியே. நடந்து போய்ப் பாருங்கள். கூட்டமில்லாத சாதாரண நாளில் நெல்லையப்பர் கோவிலுக்குள் தாமிர சபையையும், சுவாமி கோவிலையும் அம்மன் கோவிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

9. ஊருக்குப் போய்வர

சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர் என்றால் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், 2023 செப்டம்பரிலிருந்து பகலில் வந்தே பாரத், இவை போக நாகர்கோவில், கன்னியாகுமரி, திருச்செந்தூர் வண்டிகள். தீபாவளி, பொங்கலுக்குச் சென்னையில் இருக்கிற நெல்லைக்காரர்கள் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லா டிக்கெட்டையும் முடித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் பிடிப்பது இங்கே வருகிற டிக்கெட்டை. அதே நாளில் நீங்கள் இங்கிருந்து சென்னைக்குப் போகிறீர்கள்; பண்டிகை முடிந்து அவர்கள் திரும்பும்போது நீங்கள் நெல்லைக்கு வருகிறீர்கள். இரண்டு தடவையும் சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம். அல்வாவைக் கிளம்புகிற அன்றைக்கே வாங்குங்கள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், நெய் உறைந்து கட்டியாகிவிடும். காராசேவை மறந்துவிடாதீர்கள்.